தூளிப் பூ

முடியாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சித்தப்பாவுக்குக் கை அரிக்கும். டெக்சாஸ் பனியிலும் முருங்கையைப் பிழைக்க வைத்தவர் என்று அங்கே காப்பெல் ஊர் முழுக்க அவருக்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியதும் அவர்தான் என்பார் அப்பா.

அப்போது எனக்கு ஏழு வயது. நியூ ஜெர்சியில் ஓர் அபார்ட்மெண்டில் இருந்தோம். அப்பாவின் ப்ராஜெக்ட் முடியப் போகிறது. டெக்சாஸில், காப்பெல்லுக்கு அடுத்த இர்விங்கில் வேறு வேலை தயாராக இருந்தது. சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் கூடி வந்த நேரத்தில் அம்மா மட்டும் வரமாட்டேன் என்றாள். காரணம் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அப்பாவும் ஏனோ வற்புறுத்தவில்லை. மே மாதக் கடைசியில் லாங் வீக்கெண்டுக்குச் சித்தப்பா பறந்து வந்ததே அண்ணியின் மனத்தை மாற்றத்தான்.

சனிக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனோம். ஒவ்வொரு மே மாதமும் போவோம். பூ பார்க்கப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொல்வார்கள். பைன் மரச் சரிவில், உதிர்ந்த ஊசி இலைகளுக்கு நடுவே, தரையோடு ஒட்டிய இரண்டு பட்டை இலைகள். அவற்றின் நடுவில் ஒரே தண்டு. அதன் நுனியில் உப்பிய பைபோல ஒரு ரோஸ் நிறப் பூ. அந்தச் சரிவில் அது ஒன்றுதான். லேடீஸ் ஸ்லிப்பர் என்றும், பறித்தால் அபராதம் என்றும் காட்டின் வாசலில் பலகை வைத்திருந்தார்கள். அம்மா அதைச் செருப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தூளிப் பூ என்பாள்.

வழக்கம்போல அம்மா சின்ன எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்த பாலை அதன் அடியில் ஊற்றினாள். ஜன்னலோரக் கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுகிறவள்தானே, இந்தச் செடிக்குப் பால் ஆகும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணிக்குக் காடு மேடு எல்லாம் அபிஷேகம்தான் என்று சித்தப்பா கேலி செய்தார். திரும்பும்போது என் காதில், "உங்கம்மாவ இங்க கட்டிப் போட்டிருக்கறது இந்தப் பூதான்டி" என்றார்.

மறுநாள் காலை வாக்கிங் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போனவர், பெரிய தயிர் டப்பாவோடு திரும்பினார். டப்பாவில் மண். மண்ணில் அந்தப் பூ. தோண்டுவதற்கு எங்கள் வீட்டுத் தோசைத்திருப்பியை எடுத்துப் போயிருந்தார்.

"அண்ணி, உங்க பூவ கொண்டாந்துட்டேன். காப்பெல்ல பேக்யார்ட்ல வச்சிடலாம். இனிமே எக்ஸ்க்யூஸ் சொல்லக்கூடாது."

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் டப்பாவையே பார்த்தாள். பிறகு, "எவ்ளோ ஆழம் தோண்டினீங்க தம்பி?" என்று கேட்டாள்.

"ஒரு சாண்கூட இல்ல அண்ணி. வேர் மேலாப்புலதான் இருந்துச்சு."

அம்மா கிச்சன் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எழுந்து ஒரு பேப்பரை விரித்தாள். தோசைத்திருப்பியை அதன் மேல் தட்டினாள். சித்தப்பாவின் ஷூ அடியில் ஒட்டியிருந்ததை ஊக்கால் சுரண்டினாள். அவர் நகக்கண்ணில் இருந்த மண்ணைக்கூட விடவில்லை. கார் மேட்டைக் கழற்றி வந்து உதறினாள். எல்லாவற்றையும் டப்பாவில் போட்டாள். அண்ணிக்குச் சுத்தம் ஜாஸ்தி என்று சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அபராதத்துக்குப் பயந்து, எடுத்த பொருளைத் துளி குறையாமல் திருப்பிக் கொடுக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது.

அன்றே எல்லோரும் போய் அதே குழியில் வைத்துவிட்டு வந்தோம். ஆனால் அது இடம் பெயர்த்தால் பிழைக்காத சாதியாம். மண்ணுக்குள் ஒரு பூஞ்சணத்தோடு சேர்ந்துதான் வாழும் என்று பின்னாளில் படித்தேன். முருங்கை வைத்தியம் அதனிடம் பலிக்கவில்லை.

அப்பாவின் ப்ராஜெக்ட் இன்னும் ஒரு வருடம் இழுத்தது. அடுத்த மே மாதம் சரிவில் ஒன்றும் முளைக்கவில்லை. குழி இருந்த இடத்தையும் ஊசி இலைகள் மூடிவிட்டிருந்தன. இந்த மரத்தடியா, அந்த மரத்தடியா என்று அப்பாவும் அம்மாவும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். வீடு திரும்பும்போது காரில் அம்மா, "டெக்சாஸே போயிடலாம்" என்றாள்.

பூ ஒழிந்தது, அண்ணி கிளம்பிவிட்டார் என்று காப்பெல்லில் சித்தப்பா இன்றைக்கும் எல்லோரிடமும் பெருமையடிக்கிறார். தன் சாமர்த்தியத்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசை வைப்பாள்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள், ஃப்ரீவேயில் கார் ஓட்டிக்கொண்டே அப்பா சொன்னார். எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாளாம். ஆறாம் மாதத்திலேயே, உயிரில்லாமல் பிறந்தவள். அடக்கத்தை ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொண்டார்கள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். ஆனால் பச்சைக் குழந்தையை எரிப்பதில்லையே என்று அப்பா கேட்டு வாங்கி வந்திருக்கிறார். சொந்தமாக ஒரு பிடி மண்கூட இல்லாத ஊரில் வேறெங்கே போவது? காட்டில் புதைத்தார்கள். நம் இடமில்லை, கல் நட முடியாது. அடையாளத்துக்குப் பக்கத்தில் அந்தப் பூ ஒன்றுதான் நின்றிருந்தது. தான் தோண்டியது எந்த இடம் என்று தெரிந்தால் தம்பி தாங்கமாட்டார், சொல்லவே கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

அந்தக் கடைசி மே மாதமும் அம்மா பால் கொண்டுவந்திருந்தாள். சொம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு ஓரிடத்தில் ஊற்றாமல், இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சரிவு முழுக்கத் தெளித்துக்கொண்டே நடந்தாள். பால் வீணாகிறதே என்று எனக்குத் தோன்றியது. பின்னாலேயே ஓடிப்போய் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, அங்கே ஒன்றுமே இல்லையே அம்மா என்று நான்தான் அவளுக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன்.