மீட்டர் காட்டாத இரும்பு

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். வாசல் தெளித்து, இட்லி ஊற்றி வைத்துவிட்டு, எட்டு மணிக்குச் சாயப்பட்டறை ஆய்வகத்தில் கையெழுத்திட்டேன். பதினோரு மணிக்குள் மூன்று தொட்டித் தண்ணீரையும் பரிசோதித்து எழுதினேன். தண்ணீரில் எவ்வளவு உப்புகள் கரைந்திருக்கின்றன என்று காட்டும், பேனா அளவு மீட்டர்தான் பத்தொன்பது வருடமாக என் கருவி. எங்கள் தெருவில் பட்டறை வேலைக்குப் போகிற எல்லோர் வீட்டிலும் அது ஒன்று கிடக்கும். குடிதண்ணீரையும் நாங்கள் அதை வைத்துத்தான் எடை போடுவோம்.

மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு, ஏழாம் மாதமாக இருக்கும் என் மகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வாந்தி தாங்காமல் ஐந்தாம் மாதமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டவள். போன மாதம் ஒன்பது புள்ளி நான்கு இருந்த ஹீமோகுளோபின் அளவு எட்டு புள்ளி இரண்டாக இறங்கியிருந்தது.

"இரும்பு மாத்திரை போடறியா கண்ணு?" என்றார் செவிலியர்.

மகள் என்னைப் பார்த்தாள். "நிறுத்திட்டேனுங்க. மலச்சிக்கல் தாங்கலைங்க. ஊட்டுல மினரல் தண்ணி இருக்குதுல்ல, அதைய ரெண்டு டம்ளர் சேத்திக் குடிக்கறேனுங்க."

"யாரு சொன்னா?"

"அம்மாதானுங்க. நம்பர் ஏறிருச்சுன்னு சொல்லுச்சு."

நம்பர் ஏறிவிட்டது, இனி அந்தத் தண்ணீரே போதும் என்று நான் சொன்னது உண்மைதான். ஜனவரியில் சுத்திகரிப்புக் கருவிக்குச் சர்வீஸ் பார்க்க வந்த ஆள், "அக்கா, உங்க ஆர்ஓ தண்ணி வெறும் சக்கைங்க. எலும்புல இருக்கற சத்தையும் உறிஞ்சிரும்" என்று பயமுறுத்தி, மினரல் டப்பா ஒன்றை மாட்டினான். என் மீட்டரை நானே முக்கிப் பார்த்தேன். முப்பத்தைந்து இருந்தது நூற்று நாற்பது ஆனது. "இரும்பு, கால்சியம் எல்லாம் எறங்கிருச்சுங்க. இனி மாத்திரையே வேண்டியதில்லீங்க" என்றான். மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நான் 140 என்று டைரியில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

செவிலியர் பேனாவை மூடி வைத்தார். "அந்த டப்பாவுல இரும்பு வருதுன்னா, நாங்க கடைய மூடிட்டுப் போயிருவமுங்களே! சாயப்பட்டறை லேப்ல இருக்கறீங்க. ஒரு மூட்டை உப்பைக் கொட்டுனாலும் உங்க மீட்டர் ஏறுமில்லீங்க?"

தினமும் சாயத் தொட்டியில் மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவதைப் பார்க்கிறேன். அந்தத் தண்ணீரை யாராவது சத்து என்று குடிப்பார்களா? எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும் மீட்டரிடம், என்ன கரைந்திருக்கிறது என்று கேட்டவள் நான்.

"அப்ப ஆர்ஓ தண்ணி கெடுதலுங்களா?" என்றாள் மகள்.

"ஒழுங்காச் சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது கண்ணு. எலும்பெல்லாம் கரையாது. தண்ணியில இருந்து வர்ற சத்து கொஞ்சந்தான். பெரும்பங்கு சோத்துல, கீரையில, பருப்புல இருந்துதான் வருது. அதுவும் முழுங்குனதெல்லாம் ஒடம்புல ஒட்டாது. மாத்திரையோட டீ, பால் குடிச்சா இரும்பு சேராது. எலுமிச்சை, நெல்லிக்காய் இருந்தா நல்லாச் சேரும். கால்சியம் மாத்திரைய ராத்திரிக்குத் தனியாப் போடு. ரெண்டு வாரத்துல மறுபடி ரத்தம் பாக்கோணும். ஏறலைன்னா ஊசிதான். இப்படியே பிரசவத்துக்குப் போனா அம்மாவுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து."

வெளியே வந்ததும், வேப்பமரத்தடியிலேயே நின்று அந்த ஆளுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க தம்பி, அந்த டப்பாவுல இரும்பு இருக்குதா?"

"மினரல் இருக்குதுங்க அக்கா."

"இரும்பு இருக்குதான்னு கேட்டேன்."

"கால்சியம், மெக்னீசியம் கொஞ்சம்... இரும்பு வந்துங்க... கம்பெனில கேட்டுச் சொல்றேனுங்க."

"மாசமா இருக்கற புள்ளைகிட்ட மாத்திரை வேண்டாம்னு சொல்றதுக்கு முன்னால கேட்டிருக்கோணும்!"

வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் வாயில் வைக்கும்படி தண்ணீர் இல்லை. அதைக் கெடுத்ததில் எனக்குச் சம்பளம் கொடுக்கும் தொழிலுக்கும் பங்குண்டு. அதனால்தான் வீட்டுக்கு வீடு சுத்திகரிப்புக் கருவி. முதலில் கிணற்றுத் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்திக் கருவி விற்றார்கள். இப்போது கருவியின் தண்ணீரைக் காட்டிப் பயமுறுத்தி டப்பா விற்கிறார்கள். படித்த, அளந்து எழுதுகிற நானே நம்பினால், பத்து மணி நேரம் நின்று துணி மடிக்கிற பெண் என்ன செய்வாள்? அவன் பொய்யை ஒரு முறைதான் சொன்னான். என் மகள் அதை இரண்டு மாதம் நம்பியது என் வாயால்.

"என்னையத் திட்டாதம்மா" என்றாள் பேருந்தில்.

"உன்னையத் திட்டலை கண்ணு" என்றேன்.

மார்ச் 13, புதன். முதல் வேலையாக அரை எலுமிச்சையைத் தண்ணீரில் பிழிந்து, மகளை எழுப்பி, இரும்பு மாத்திரையைக் கையில் கொடுத்து, அவள் விழுங்கும்வரை நின்றேன்.