றெக்கைக்கு வந்த களைப்பு

புகையான் பூச்சி சம்பாப் பயிரைக் கருக்கிக்கொண்டிருந்த வருஷம், கீழ்வேளூர்ப் பக்கம் எங்கள் ஊருக்கு மருந்தடிக்க ஒரு சின்ன விமானம் வந்தது. கூலி உயர்வு கேட்டு நாங்கள் செங்கொடி பிடித்துக்கொண்டிருந்த காலம். எனக்குக் கிடைத்த வேலையும் கொடி பிடிப்பதுதான், ஆனால் விமானத்துக்கு. எந்த வரப்பை ஒட்டி வர வேண்டும் என்று பைலட்டுக்குத் தெரிய, வயல் கோடியில் நின்று துணி அசைக்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் சிவப்புத் துணிதான் கொடுத்தார்கள். அதைப் பார்த்த மிராசுதார் பதறிப்போய், தன் வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கொடுத்தார். ராத்திரி திடலில் விமானத்துக்குக் காவலும் நானே.

ஒரு நாள் காலை, வாய்க்காலைத் தாண்டித் திரும்பும்போது இடது றெக்கை தனியே பிய்ந்து போனது. தாழப் பறந்ததாலும் சேற்றில் விழுந்ததாலும் பைலட் கால் முறிவோடு பிழைத்தார். நான் துணியை அசைத்துக்கொண்டே நின்றேன். ஏன் நிறுத்தவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சங்கத்து ஆள், ராத்திரி முழுக்க விமானத்தோடு தனியாக இருந்தவன், றெக்கையை அறுத்தது இவன்தான் என்று மிராசுதார் எழுதிக் கொடுத்திருந்தார். "எத வச்சுடா அறுத்தே?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். விமானத்தை எதை வைத்து அறுப்பார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அடி தாங்காமல், கருக்கரிவாள் என்று சொல்லித் தொலைக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் கம்பெனியிலிருந்து ஒரு வடநாட்டு என்ஜினீயர் வந்தார். ஒடிந்த துண்டை மேஜைமேல் வைத்து இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் கிளார்க் ஒருவர் அதைத் தமிழில் சொன்னார்.

"ஒடைஞ்சதுக்குக் காரணம் களைப்புதான்னு சொல்றாருங்க."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "களைப்பாடா ஒனக்கு?"

களைப்பு என்று சொன்னவனை மறுநாள் நடவுக்குக் கூப்பிடாத ஊர் அது. "இல்லீங்கய்யா. எனக்குக் களைப்பே கெடையாதுங்க" என்றேன்.

"அப்ப நல்லா முழிச்சிருந்துதான் அறுத்திருக்கே."

கிளார்க் தலையில் அடித்துக்கொண்டார். "அவனுக்கு இல்லீங்க. றெக்கைக்கு."

யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. எனக்குச் சுத்தமாக விளங்கவில்லை. என்ஜினீயர் மூலையில் கிடந்த வாளியின் கம்பிப் பிடியைக் கழற்றி, முன்னும் பின்னுமாக வளைத்துக்கொண்டே இருந்தார். அது பட்டென்று ஒடிந்தது. பிறகு றெக்கைத் துண்டைக் காட்டினார். ஒடிந்த இடத்தில் பாதி பழசாக மங்கிக் கிடந்தது, மீதிதான் புதிதாகப் பளபளத்தது. மருந்தைச் சுமந்து ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் எப்போதோ விழுந்துவிட்டதாம். கடைசியில்தான் விட்டுப்போனதாம். இன்ஸ்பெக்டர் கம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போய்த் தொலை" என்றார்.

மிராசுதார் அதை நம்பவில்லை. வேடிக்கை என்னவென்றால், எங்கள் தெருவும் நம்பவில்லை. டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். "ஏரோப்ளேனையே சாச்சுட்டியேண்ணே" என்று பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். இல்லை என்று சொல்லச் சொல்ல, ஏதோ அடக்கத்துக்குச் சொல்கிறேன் என்று சிரித்தார்கள். எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டில் என் மனைவி முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "நெசத்தச் சொல்லுய்யா. நீதான அறுத்தே?"

அவள் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தும் அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"இல்லடி. அது தானாவே களைச்சுப்போயி ஒடைஞ்சுதாம்."

ஒத்தடத் துணி என் முதுகிலேயே நின்றுவிட்டது.

"அப்ப ஒண்ணுமே செய்யாமலா இம்புட்டு அடி வாங்குனே?" என்றாள்.