பரண் புகை

பல்லுக்கிடையில் பச்சைக் காபிக்கொட்டை 'டக்'கென்று உடைகிற சத்தம். மலைக் காபிச் சங்கத்தின் செயலாளரம்மாவை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வரும். மயிலாப்பூரில் நான் வறுவல் பார்த்த காபிக் கடைக்கு மலையிலிருந்து முதல் மூட்டைகளோடு வந்து இறங்கியவர், வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு கொட்டையைக் கடித்துக் காட்டினார். நன்றாகக் காய்ந்திருக்கிறதாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆளுக்கு ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம் அது. அதுவரை பழத்தைப் பறித்த கையோடு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு, அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டியவர்கள். இப்போது அவர்களே தோலுரித்து, தொட்டியில் ஊறவைத்து, கழுவிக் காயவைத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் கடை எடுத்துக்கொண்டால் சங்கம் நிற்கும். இல்லையென்றால் பழையபடி வியாபாரி வாசல்தான்.

கடை முதலாளியை எல்லோரும் மாமா என்போம். வறுத்து அரைத்து டிகாக்‌ஷன் இறக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"புகை வாசனை அடிக்கறதே!"

செயலாளரம்மாவுக்குக் காரணம் அப்போதே புரிந்துவிட்டது. காயவைக்கிற நாட்களில் மழை. நனைந்துவிடக் கூடாதே என்று ஏதோ ஒரு வீட்டில் கொட்டையை அடுப்புக்கு மேலிருக்கும் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். அக்கறையால் வந்த வினை. எல்லார் கொட்டையையும் ஒரே குவியலாகக் கலப்பது சங்கத்தின் வழக்கம் என்பதால், எல்லா மூட்டையிலும் புகை ஏறிவிட்டது.

"அது யாராத்துலன்னு கண்டுபிடிச்சு அவாளைத் தள்ளிடுங்கோ. அடுத்த தடவை எடுத்துக்கறேன்" என்றார் மாமா. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"இன்னைக்கு ஒருத்தரைத் தள்ளுனா நாளைக்கு இன்னொருத்தருங்க. அப்புறம் சங்கத்துல யாருங்க இருப்பாங்க? அடுத்த பறிப்புக்கு வர்றேனுங்க."

செயலாளரம்மா குரலில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. மூட்டைகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இனி எங்கே வரப்போகிறார் என்று நினைத்தேன்.

வந்தார். கூடவே இன்னொரு அம்மாவும் வந்தார். காயவைக்கும் களத்துக்குக் கூரை போட்டுவிட்டார்களாம். களத்துக்கு இந்த அம்மாதான் பொறுப்பாம். மாமா குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

"போன வருசம் பரண்ல போட்டது எங்க வீட்டுலதானுங்க" என்றார் அந்த அம்மா, தலை குனியாமல். "அதனாலதான் களத்தை எங்கிட்டக் குடுத்திருக்காங்க. இனி எந்த வீட்டுலயும் பரண்ல ஏத்த விடமாட்டேனுங்க."

மாமா இப்போது இல்லை. கடை என் பொறுப்பு. செயலாளரம்மா ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். பரண்காரம்மாதான் இன்று சங்கத்தின் செயலாளர். போன வாரம் என் வறுவல்காரர் ஒரு ஈடு முழுக்கக் கருக்கிவிட்டார். அவரை வேலையை விட்டு அனுப்பிவிடலாம் என்று கடையில் எல்லோரும் சொன்னார்கள். நானோ கடையின் வறுவல் பொறுப்பு முழுவதையும் அவரிடமே ஒப்படைத்தேன். இன்று காலை மழையோடு மலை மூட்டைகள் வந்தன. ஒன்றை அவிழ்த்து ஒரு கொட்டையை வறுவல்காரர் கையில் வைத்தேன்.

"கடிச்சுப் பாருப்பா."

டக்.