பெயருக்கு மேல் ஒரு பென்சில் வட்டம்

நான் எழுதிய விசாரணை அறிக்கை ஒன்றின் வரைவுத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'குழந்தையின் பெயர்' என்ற இடத்தில் 'சாமி' என்று என் கையெழுத்து. அதைச் சுற்றி மெல்லிய பென்சில் வட்டம். வட்டமிட்டவர் எங்கள் அலுவலகத் தட்டச்சர்.

கடலோர மாவட்டத்திலிருந்து மாற்றலாகி, கொல்லிமலை அடிவாரத்துக்குக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலராக நான் வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மலைமேல் வாசலூர்பட்டிப் படகுத்துறையில், சுற்றுலாக் கூட்டம் கலைந்த மாலையொன்றில், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தனியே நின்றிருந்தாள். காப்பகத்தில் பெயர் கேட்டபோது "சாமி" என்றாள், எழுதிக்கொண்டேன். சுற்றுலா வந்தவர்கள் விட்டுப் போயிருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, சமவெளி ஊர்களில் தேடினோம். அந்தப் பெயரையும் படத்தையும் நாளிதழில் வெளியிட்டோம். யாரும் வரவில்லை. சட்டம் தந்த காலக்கெடு முடியும் வாரத்தில், உறவினரைக் கண்டறிய இயலவில்லை என்று எழுதினேன். அறிக்கை குழந்தைகள் நலக் குழுவின் முன் போனால் அவள் தத்துக்கு உரியவளாக அறிவிக்கப்படுவாள். பிறகு வேறொரு வீட்டின் மகள். நல்ல வீடாகவே அமையும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தட்டச்சர் என் வயதொத்தவர். மலைமேல் குண்டூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியில் மிளகும் மரவள்ளியும் விளைவிக்கும் குடும்பத்துப் பெண். கொடுத்ததை மறுபேச்சின்றி அடித்துத் தருபவர், அன்று தாளுடன் என் மேசைமுன் வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், இது பேரு இல்லீங்களே."

"அவளே சொன்னதுதானே?"

"எங்க மலையில பிள்ளைக அத்தனையும் சாமிதானுங்க. எங்கம்மா என்னைய இன்னும் சாமின்னுதான் கூப்பிடுது. அப்படிப் பார்த்தா நானும் காணாமப் போன பிள்ளைதான்!"

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அதையே தன் பேருன்னு நெனைக்குதுன்னா, யாரோ வாய் நெறையக் கூப்பிட்டு வளத்திருக்காங்க. அவங்க மலையிலதான் இருப்பாங்க, மேடம்."

குழந்தைக்கு அதன் சொந்தக் குடும்பத்தை முதலில் தேட வேண்டும், அதற்கு வழியே இல்லாதபோதுதான் வேறு குடும்பம் என்பது தத்தெடுப்பு நெறிமுறைகளின் தொடக்கம். நான் அதை மனப்பாடமாகச் சொல்வேன். பலமுறை தட்டச்சு செய்திருந்த அவரோ அதை நம்பியிருந்தார்.

குழுவிடம் அவகாசம் கேட்டேன். சனிக்கிழமை தம் விடுமுறையைத் துறந்து அவரும் என்னுடன் பஸ் ஏறினார். ஊர் ஊராக அங்கன்வாடிகளில் படத்தைக் காட்டினோம். வளப்பூர் நாட்டில் ஓர் ஊழியர், "அட, நம்ம காவியா!" என்று பதிவேட்டைத் திறந்தார். தாய் இறந்தபின் தாய்வழித் தாத்தாவிடம் வளர்ந்தவள்; தன் ஊரில் வைத்து வளர்ப்பதாகச் சொல்லி அழைத்துப்போன தகப்பன், வழியிலேயே விட்டுச் சென்றிருக்கிறான். பலா மரத்தடியில் எங்களைக் கண்ட அந்தத் தாத்தாவுக்கு, அவளுடைய அப்புச்சிக்கு, நாளிதழ் படிக்கத் தெரியாது. "அவன்கிட்டத்தானே இருக்குதுன்னு நெனச்சுக் கெடந்தனுங்களே" என்று மறுபடி மறுபடி அதையே சொன்னார்.

விசாரணைகளுக்கும் ஆணைக்கும் சில வாரங்கள் ஆயின. காப்பக வாசலில் நின்று அப்புச்சி காவியா என்று அழைக்கவில்லை. "சாமி!" என்றார். உள்ளே விளையாடிக்கொண்டிருந்தவள் ஓடிவந்த வேகத்தில் செருப்பு ஒன்று நடுவழியில் கழன்று கிடந்தது. அதை எடுத்துவந்து அவள் காலில் மாட்டிவிட்டவர் தட்டச்சர்தான். நிமிர்ந்தபோது என்னிடம் தாழ்ந்த குரலில், "விட்டிருந்தா மலைல பாதிப் பேரு சாமிங்கற பேருல தத்துப் போயிருப்பாங்க, மேடம்" என்றார். அந்தக் கேலியை நான் நன்றியோடு ஏற்றுக்கொண்டேன்.

இப்போது எல்லாம் கணினியில். பெயரை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறப்பதில்லை. நிரப்புமுன், வீட்டில் உன்னை யார், எப்படிக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு குழந்தையிடமும் கேட்கிறேன். பென்சில் வட்டம் மங்கிவருகிறது. ஆனால் பிறகு தட்டச்சர் அடித்துத் தந்த திருத்திய அறிக்கை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெயர்: காவியா. அதன்கீழே, படிவத்தில் எங்குமே இல்லாத ஒரு வரியை அவராகச் சேர்த்திருந்தார். வீட்டில் அழைப்பது: சாமி.