களத்தில் படுத்த வண்டி

அந்த வண்டியை முதலில் பார்த்தபோது, இது வண்டியா வீடா என்று எனக்கும் சந்தேகம்தான். உள்ளே கட்டில், அடுப்பு, குளிக்க ஓர் அறை. ஒரு சின்ன வீட்டுக்குச் சக்கரம் வைத்ததுபோல. எப்போதோ வெளிநாட்டிலிருந்து வந்து, தேர்தல் சுற்றுப்பயணத்தில் ஏதோ ஒரு தலைவருக்குப் படுக்கையாக இருந்து, கைமாறிக் கைமாறி, திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு நெற்களத்தில் வந்து நின்றது. க்ரீம் பெயிண்ட் உரிந்த இடத்தில் கறுப்பும் சிவப்பும் தெரிந்தன. எந்தக் கட்சி வண்டி, நடுவில் வெள்ளை இருந்ததா இல்லையா என்று ஊரே ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரர்தான் நிலத்துக்காரரும். சென்னையில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா காலத்திலிருந்து அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் காலி செய்ய மறுத்தார். தாலுகா ஆபீசில் தன் பெயரில் குத்தகைப் பதிவு இருக்கிறது என்றார். இவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. களத்தில் பாதியை மறித்து வண்டியை நிறுத்தி, அதிலேயே குடியேறிவிட்டார். மீதிப் பாதியில் குத்தகைக்காரர் கதிரடித்தார், தூற்றினார். தை மாதக் காற்று. பதரெல்லாம் வண்டிப் பக்கமே பறந்தது.

தினமும் காலையில் வண்டி பின்பக்கம் தாழ்ந்து, மூக்கைத் தூக்கிக்கொண்டு படுத்துக் கிடக்கும். லாரிகளுக்கு ஏர் பிரேக் பார்க்கிறவன் என்று என்னைக் கூப்பிட்டார். அந்த வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலே இரும்புப் பட்டைக்குப் பதில் ரப்பர் பைகள். அடியில் தொங்கிய ஒரு சின்ன கம்ப்ரஸர் அவற்றுக்குக் காற்று நிரப்பும். முதுகு மண்ணில் பட ஊர்ந்து போய்ப் பார்த்தேன். காற்றுக் குழாயில் ஒரு கீறல். நேர்க்கோடாக.

"கத்திதானேப்பா?" வெளியே அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

"வெட்டின மாதிரிதான் சார் இருக்கு."

'மாதிரி' என்பதை அவர் புகாரில் எழுதவில்லை.

மறுநாள் புதுக் குழாயோடு போனபோது குத்தகைக்காரரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நான் குழாயை மாட்டி, காற்று ஏற்றி, வண்டி நிமிர்ந்ததைப் பார்த்த பிறகே நிலத்துக்காரர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். "நிலத்தை விட்டுடறேன்னு கையெழுத்துப் போடட்டும். புகாரை நானே வாபஸ் வாங்கிக்கறேன்."

கதிர்க்கட்டுகளுக்குப் பக்கத்தில் குத்தகைக்காரரின் மனைவி நின்றிருந்தார்.

"அவருகிட்ட எத்தனை நாளா வேலை பாக்குறீங்க?"

"நேத்துலேருந்துதாங்க."

"ஒரே நாள்ல முடிச்சிட்டீங்களே."

சாமான்களை மெதுவாகத்தான் எடுத்து வைத்தேன். உச்சிவெயிலில், எங்கள் இரண்டு பேர் கண்ணெதிரில், வண்டி மெல்ல மெல்லத் தாழ்ந்தது. பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம்கூட இல்லை.

"இப்ப யாரு வெட்டினா? நானா?"

சோப்புத் தண்ணீர் கரைத்துக் குழாய் முழுக்கத் தடவினேன். ஒரு குமிழிகூட இல்லை. கம்ப்ரஸரைக் கழற்றினேன். காற்று இழுக்கும் வாயிலிருந்து வால்வு வரைக்கும் பதர்த்தூசி. பனியில் ஊறி, களிபோல அப்பியிருந்தது. வால்வு மூட முடியாமல் திறந்தே கிடந்தது. ஏற்றிய காற்றெல்லாம் வந்த வழியே திரும்பிக்கொண்டிருந்தது. புதுக் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். வண்டி தாழ்ந்தபோது ஓர் இரும்பு விளிம்பு அதில் உரசியிருந்தது. மெலிதாக ஒரு கோடு. நேர்க்கோடு. நேற்றைய கீறலும் முதல் நாளில் இப்படித்தான் இருந்திருக்கும்.

வால்வைத் துடைக்காமல் துணியில் சுற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் வாய்க்கால் பக்கத்திலேயே ஓடியது, என்னை நம்பாததுபோல எதிர்ப்பக்கமாக.

சப்-இன்ஸ்பெக்டர் வால்வை விரலால் தொடவில்லை. "வெட்டினதுன்னு நீதானேய்யா சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேங்க. வண்டி இப்பவும் படுத்திருக்கு. இவரு இங்கதான இருக்காரு."

பெஞ்சில் குத்தகைக்காரர். முன்னால் வெள்ளைத்தாள், மேலே பேனா. பேனா மூடி திறந்திருந்தது. நிலத்துக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. "அவங்க ஆளுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்" என்றார். சப்-இன்ஸ்பெக்டர் தாளை எடுத்து இரண்டாக மடித்தார். "கெளம்புங்க எல்லாரும்."

பதர் பறக்கிற இடத்தில் அந்த வண்டி நிமிர்ந்து நிற்காது என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, வால்வைக் கழுவி மாட்டி நானே தூக்கி நிறுத்தினேன். நிலத்துக்காரர் களத்தை விட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

குத்தகைக்காரர் வண்டி நின்றிருந்த இடத்துக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று நின்றேன். அவர் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தார். எண்ணெய்க் கறையை முகர்ந்தார்.

"இங்க எதுவும் புதைச்சு வச்சிட்டுப் போகலையே, மெக்கானிக்கே?"

"இல்லீங்க."

"நீங்க சொல்றீங்க" என்றார். காலியான பாதியை விட்டுவிட்டு, கதிர்க்கட்டைப் பழைய பாதியிலேயே பிரித்தார்.