ஆரணியில் மூன்று மீன் சாப்பாடு

கடலூரிலிருந்து ஆரணிக்கு மீன் சாப்பிடப் போனவர்கள் என்று யாராவது இருந்தால் அது நானும் என் தம்பி ஏழுமலையும்தான். தை, மாசி, பங்குனி என்று மாதத்துக்கு ஒரு முறை போனோம். ஒவ்வொரு முறையும் போக நூற்று நாற்பது கிலோமீட்டர், வர நூற்று நாற்பது. தம்பி துறைமுகத்தில் ஐஸ் உடைத்து மீன் பெட்டிகளுக்குப் போடுகிறவன். நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர் என்றாலும் மீன் வாசத்தில் பிறந்தவள்தான். எங்களை உட்காரவைத்து ஆரணியில் மீன் வாங்கிக் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தும் போனோம், மூன்று தரமும் சாப்பிட உட்கார்ந்தோம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறாமலேதான் எழுதுகிறேன். அதற்காக வழியிலும் விலையிலும் தப்புச் சொல்ல மாட்டேன்.

போன காரணம் இதுதான். தம்பி மகள் பவித்ரா செய்யாறில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள், அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். அதே கம்பெனியில் அதே ஷிப்டில் திலீபன் என்ற ஆரணிப் பையன். இரண்டு வருடப் பழக்கம், கல்யாணம் பண்ணிக்கொள்கிறோம் என்றார்கள். சாதி வேறு. அதை இரண்டு பேருமே வீட்டில் மறைக்கவில்லை. பையனின் அப்பா தணிகாசலம் பட்டுச் சேலை வியாபாரி. அவரே போன் செய்து, தங்களுக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை, வந்து வீட்டைப் பாருங்கள் என்றார். அன்று தம்பி தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடலூரில் ஏறினோம். விழுப்புரத்துக்கு முப்பத்தைந்து ரூபாய். அங்கே ஆரணி பஸ் பிடித்தால் எழுபது ரூபாய். செஞ்சிக் கோட்டையைத் தாண்டி, சேத்துப்பட்டில் ஒரு டீ குடித்து, பத்தே முக்காலுக்கு ஆரணியில் இறங்கினோம். பஸ் நிலையத்திலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். வழியெல்லாம் சேலைக்கடைப் பலகைகள். வீடு நல்ல வீடு, மாடியோடு, முகப்பில் பளபளவென்று டைல்ஸ். கீழே பின்கட்டில் தறிச் சத்தம்.

மரியாதைக்குக் குறைவில்லை. மூடி திறக்காத தண்ணீர் பாட்டில் ஆளுக்கு ஒன்று, குளிர்பானமும் பாட்டிலோடு. இந்தக் காலத்து நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு ஏமாளி பாருங்கள். பன்னிரண்டரைக்குத் தணிகாசலம் எழுந்தார்.

"வாங்க, நல்ல மீன் ஓட்டல் ஒண்ணு இருக்குது. சம்பந்தம் முடிவாவாம வூட்ல கை நனைக்கிறது மொற இல்லீங்களே" என்றார்.

எங்கள் பக்கத்திலும் அந்த முறை உண்டு. கல்யாணப் பேச்சு உறுதியாகும் வரை ஒருத்தர் வீட்டில் மற்றவர் சாப்பிட மாட்டார். பேச்சு முறிந்தால் உண்ட வீட்டுக்கு மனக்குறை வேண்டாம் என்பதற்காக வைத்த முறை. நல்ல முறைதான். தலையாட்டிக்கொண்டு பின்னால் போனோம்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஓட்டல். பத்து மேசை, வாழை இலை, தலைக்கு மேல் கடகடக்கும் மின்விசிறி. மீன் சாப்பாடு நூற்றைம்பது ரூபாய், முழு சங்கரா வறுவல் நூற்றிருபது. குழம்பில் புளி தூக்கல், மீன் குறைவு. ஆனாலும் மோசம் என்று சொல்ல மாட்டேன். தம்பி வறுவலைப் புரட்டி, செவுளைப் பிட்டுப் பார்த்து, நாலு நாள் ஐஸ் என்று என் காதில் சொன்னான். ஓட்டல்காரர் வந்து, கடலூர் துறைமுகத்திலிருந்து லோடு வருகிறது என்று பெருமையாகச் சொன்னார். தம்பிக்கு முகமெல்லாம் பல். தணிகாசலம் மூன்று சங்கராவை முள் மட்டும் மிஞ்சச் சாப்பிட்டார். திரும்பும்போது பஸ்ஸில் தம்பி, "அக்கா, நம்ம ஐஸ்ல வந்த மீனு. சம்பந்தி என்னா ருசிச்சு சாப்பிட்டாரு பாத்தியா" என்று செஞ்சி வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். அவர் ஒரு தடவைகூட இவனைச் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. சார் சார் என்றுதான் கூப்பிட்டார். நான் அதைக் கவனித்தேன், சொல்லவில்லை.

மாசியில் இரண்டாவது பயணம். அதே பஸ், அதே டீ. இந்தத் தடவை பேச்சு முடிந்தது. வைகாசியில் கல்யாணம், கடலூரில் மண்டபம், ஆரணியில் வரவேற்பு. எல்லாம் பேசி வெற்றிலை பாக்கும் மாற்றியாயிற்று. மணி ஒன்று. பசி வயிற்றைக் கிள்ளியது. முடிவாகிவிட்டதே, இனிமேல் கை நனைக்கலாமே என்று நானே சிரித்துக்கொண்டு கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "பின்னாடி தறில பாவு போட்டுருக்குதுங்க. மீன் கவிச்சி ஏறிச்சின்னா பட்டு கெட்டுப்பூடும். நம்ம வூட்ல மீனே ஆக்கறதில்ல" என்றார்.

மீன்தான் வேண்டும் என்று நாங்கள் கேட்டோமா? ரசமும் அப்பளமும் போதாதா? கடலூர்க்காரர்கள் மோரில்கூட மீன் போட்டுக் குடிப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பெண்ணைக் கொடுக்கிற இடம் என்று வாயை மூடிக்கொண்டேன். என் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அதற்காகத்தான்.

அன்று கூட்டிப்போனது ஏசி ஓட்டல். புதிதாகத் திறந்தது. சுவரில் மீன் வலையைத் தொங்கவிட்டு அதில் பிளாஸ்டிக் நண்டுகளை மாட்டியிருந்தார்கள். நீல விளக்கு வெளிச்சத்தில் எல்லார் முகமும் மூழ்கிச் செத்தவர்கள் முகம் மாதிரி இருந்தது. பிஷ் அண்ட் சிப்ஸ் முன்னூற்றிருபது ரூபாய். மாவில் புரட்டிப் பொரித்த வெள்ளை மீன் இரண்டு துண்டு, துவண்டுபோன உருளைக்கிழங்கு விரல்கள் எண்ணி எட்டு, கிண்ணத்தில் தித்திப்பாக ஒரு வெள்ளைச் சாறு. முள் இல்லை, தோல் இல்லை, வாசமும் இல்லை. இது என்ன மீன் என்று பரிமாறியவரைத் தம்பி கேட்டான். அவர் யோசித்துவிட்டு, "பிஷ்ஷுங்க" என்றார். கடலை ஒரு தரம் பார்த்த மீனாக இருந்தால் நான் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

தணிகாசலம் தனக்குச் சோறும் வஞ்சிர வறுவலும் சொல்லியிருந்தார், வறுவல் துண்டு இருநூற்றைம்பது. தம்பி அவர் மேல் இருந்த பிரியத்தில், தன் தட்டிலிருந்து ஒரு பிஷ் துண்டைக் கையால் எடுத்து அவர் தட்டில் வைத்தான். அவர் பேச்சை நிறுத்தவில்லை. பேசிக்கொண்டே அந்தத் துண்டை ஸ்பூனால் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். அதைத் தொட்டுக்கொண்டிருந்த சோற்றையும் சேர்த்துத் தள்ளினார். கடைசிவரை அது அங்கேயே கிடந்தது. தம்பி பார்க்கவில்லை. கூட வந்திருந்த திலீபன் பார்த்தான், நானும் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

பங்குனியில் முகூர்த்தச் சேலை எடுக்கக் கூப்பிட்டார்கள். பவித்ராவைச் செய்யாறிலிருந்து நேரே ஆரணிக்கு வரச் சொல்லியிருந்தோம். தணிகாசலத்திடம் பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தோம். ஆனால் அன்று விழுப்புரத்தில் இறங்கியதும் ஒரு பஸ் தயாராக நின்றது, டிரைவரும் பறந்தார். ஆரணி பஸ் நிலையத்தில் பவித்ராவும் முன்னதாகவே வந்து காத்திருந்தாள். ஒன்பதே முக்காலுக்கே மூன்று பேரும் அவர்கள் வாசலில் நின்றோம்.

வாசல் நிறையச் செருப்பு. உள்ளேயிருந்து மீன் குழம்பு வாசம். வெந்தயமும் மாங்காயும் போட்டு முந்தின நாள் வைத்த குழம்பு, அந்த வாசத்தில் எனக்குத் தப்பு வராது. பட்டுச் சேலை கட்டிய ஒரு அம்மாள் வாசல் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி, நாங்களும் விருந்தாளி என்று நினைத்துப் பேச்சுக் கொடுத்தார். திலீபனின் தங்கையைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வந்திருக்கிறார்களாம்.

"இன்னிக்குத்தான் மொத மொத வர்றோம். எதுவும் பேசக்கூட இல்ல, அதுக்குள்ள எல போட்டுட்டாங்க. வாணாம்னு சொன்னா வுடலயே. இட்லியும் மீன் கொழம்பும் துன்னுட்டுத்தான் போவணும்னுட்டாங்க" என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் கையில் பழப்பை. அதை வைக்கவும் தெரியாமல் பிடிக்கவும் தெரியாமல் நின்றான். பின்கட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டுக்கு அன்றைக்கு ஒரு கவிச்சியும் ஏறவில்லை போலிருக்கிறது.

தணிகாசலம் எங்களைக் கண்டதும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. திலீபனையும் கூப்பிட்டுக்கொண்டு எங்களை அதே ஏசி ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். மணி பத்தேகால், ஓட்டலே திறக்கவில்லை. நாற்காலிகள் மேசை மேல் கவிழ்ந்து கிடந்தன. அவருக்காக ஐந்து நாற்காலியை இறக்கிப் போட்டார்கள், நீல விளக்கைப் போட்டார்கள். அவர் வஞ்சிரம் சொன்னார். எண்ணெயே காயவில்லை, அரை மணி ஆகும் என்றார்கள். அந்த அரை மணியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் பிளாஸ்டிக் நண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வறுவல் வந்தது. தம்பி தொடவில்லை. வாழ்க்கையில் யாரிடமும் குரலை உயர்த்தாதவன் அவன். அன்றும் உயர்த்தவில்லை.

"நான் ஒடச்ச ஐஸ்ல வந்த மீனு உங்க வயித்துக்குள்ள போவுது. நான் உங்க வீட்ல ஒக்காந்து சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டான்.

தணிகாசலம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். கணக்குப் புரியாத வாடிக்கையாளருக்குச் சொல்வது மாதிரி பொறுமையாகச் சொன்னார். "எனுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஊர் இருக்குது, சொந்தம் இருக்குது. என் பொண்ணுக்கும் எடம் பாத்துகினு இருக்கறேன். கல்யாணம் ஆவட்டும். கொஞ்ச நாள் உங்க பாப்பா மாடில தனியா ஆக்கிகினு இருக்கட்டும். அப்பறம் எல்லாம் சரியாப் பூடும்."

பவித்ரா அவரைப் பார்க்கவே இல்லை. திலீபனிடம் திரும்பி, "உனக்கு இது தெரியுமா?" என்றாள்.

அவன், "தெரியும். மாடில அடுப்புகூட வாங்கி வச்சாச்சி" என்றான்.

அவள் எழுந்தாள். நாங்களும் எழுந்தோம். பழப்பை மேசை மேலேயே கிடந்தது. முகூர்த்தச் சேலை எங்கே எடுப்பது என்று இனி யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

பதினொன்றரைக்கு விழுப்புரம் பஸ். கிளம்பும் நேரத்தில் திலீபன் ஓடிவந்து ஏறினான். முன்னால் டிரைவருக்குப் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்தான். அவனோடு ஒரு வார்த்தை பேசினாலும் நான் சேத்துப்பட்டில் இறங்கிவிடுவேன் என்று தம்பியிடம் சொல்லிவைத்தேன். பவித்ரா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள், தூங்கவில்லை. விழுப்புரத்தில் பஸ் மாறினோம். அவனும் மாறினான். நாலரைக்குக் கடலூர். தெருமுனையிலிருந்து இருபதடி பின்னாலேயே வந்தான்.

தம்பி மனைவி செல்விக்கு எதுவும் தெரியாது. வாசலில் ஒரு பையன் நிற்கிறான், வெயிலில் வந்திருக்கிறான், அவ்வளவுதான். உள்ளே வா தம்பி என்றாள், சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், தட்டைப் போட்டாள். எங்கள் வீட்டில் வருகிறவனுக்குச் சோறு முதலில், ஊர் பேர் அப்புறம். அன்றைக்கு அதுகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. இவனுக்கு எதற்கு என்று அடுப்படியில் போய்ச் செல்வியிடம் கத்தினேன். அவள் எதையும் கேட்காமல் குழம்பைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு போனாள்.

மத்திக் குழம்பு. காலையில் கரைக்கு வந்த மீன். நூறு ரூபாய்க்குப் பை நிறையக் கிடைக்கும். தம்பி சட்டியிலிருந்து ஒரு மீனைக் கையால் எடுத்து அவன் தட்டில் வைத்தான். நான் அவன் தட்டின் ஓரத்தையே பார்த்தேன். அவன் அதை எடுத்துச் சாப்பிட்டான். முள் பார்த்துச் சாப்பிடத் தெரியவில்லை, தொண்டையில் மாட்டி இருமினான். தம்பி சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னான்.

"ஒரே வூடு ஒரே அடுப்புன்னாதான் கல்யாணம்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வந்துட்டேன் அத்தை" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். இதை ஏன் தை மாதமே சொல்லவில்லை என்று கேட்டேன். பயம் என்றான். அது உண்மை. பொய் சொல்லியிருந்தால் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

செல்வி பவித்ராவுக்கும் ஒரு தட்டை எடுத்தாள். காலையிலிருந்து அந்தப் பெண் ஒரு வாய் சாப்பிடவில்லை. அவள் வேண்டாம் என்று தட்டை வாங்கிக் கவிழ்த்துவிட்டு, அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"உங்க வீட்டுக் கூடத்துல எங்கப்பாவுக்கு எலை போடட்டும். அன்னைக்கு உன் பக்கத்துல ஒக்காந்து சாப்பிடறேன்" என்றாள். "அதுவரைக்கும் நீ மட்டும் சாப்பிடு."

அவன் சாப்பிட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போனான். அவன் தெருவைத் தாண்டிய பிறகுதான் அவள் தட்டை நிமிர்த்தினாள்.