கையெழுத்துப் போடாததால் போன தோசைக்கல்

என்னை முதலில் கெடுத்தவன் பக்கத்துக் கடை நிதாய். நடைபாதைக் கடைகளை அள்ள கார்ப்பரேஷன் லாரியில் வந்தவர்கள் அதற்கப்புறம்தான். காளிகாட் நடைபாதையில் தோசை சுடுவது, ஒரு கண்ணைக் கல்லிலும் ஒரு கண்ணைத் தெருமுனையிலும் வைத்துச் செய்கிற தொழில். நடைபாதையில் கடை போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நீட்டிய காகிதம்

அன்று லாரி வந்தபோது நிதாய் பீடாப் பெட்டியை மடக்கிக்கொண்டு சந்துக்குள் போய்விட்டான். நான் அடுப்பை எப்படி மடக்குவது? சுட்டுக்கொண்டிருந்த கல்லில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, அதைத் தூக்கி லாரியில் போட்டார்கள். முப்பது வருஷம் எண்ணெய் குடித்த இரும்புக் கல் அது.

அதிகாரி ஒரு காகிதத்தை நீட்டினார். எடுத்த சாமான்களின் பட்டியல், கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை வாங்கிக்கொள்ளச் சொன்னார். எங்கள் வரிசையில் ஒரு பழக்கம் உண்டு: லாரிக்காரர் நீட்டும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நிதாய். நான் தயங்கியதைப் பார்த்து, சந்திலிருந்தே குரல் கொடுத்தான். "அண்ணா, போட்டா தப்பை நீயே ஒத்துக்கிட்ட மாதிரி." நான் போடவில்லை, பட்டியலும் அதிகாரியோடு லாரியில் போய்விட்டது.

பதினாலாவது கேள்வி

கல்லைக் கேட்டுப் போன அலிப்பூர் கார்ப்பரேஷன் அலுவலகத்தில், தெரு வியாபாரிச் சட்டத்தை எளிமையாக விளக்கும் புத்தகம் இலவசமாகக் கொடுத்தார்கள். கேள்வி, பதில், படம் எல்லாம் இருந்தது. ஆனால் இங்கிலீஷும் பெங்காலியும்தான். நான் ஐந்தாவதோடு நின்றவன். பெங்காலி பேசுவேன், படிக்க வராது.

டாக்குரியாவிலிருந்து என் கடைக்குத் தோசை சாப்பிட வரும் ராகவன் சார் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கொடுத்தேன். புதிதாக வாங்கிய தகட்டுக் கல்லில் தோசை பிய்ந்து பிய்ந்து வந்தது. அதையே சாப்பிட்டுக்கொண்டு படித்தார். பிடித்த பொருளை, அப்போது கொடுத்த பட்டியலைக் காட்டி, இரண்டு வேலை நாளில் திரும்பப் பெறலாம் என்று பதினாலாவது கேள்விக்குப் பதில். பட்டியல் இல்லாவிட்டால் என்றேன். முன்னும் பின்னும் புரட்டினார். "அந்தக் கேள்வியை யாரும் கேக்கலை போலிருக்குப்பா."

தண்ணீர்ப் பீப்பாய்

புத்தகத்தோடு திரும்ப அலிப்பூருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரிதான், உட்காரச் சொன்னாள். பதினாலாவது கேள்வியைக் காட்டினேன். அவள் கடைசிப் பக்கத்தின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். இந்தப் புத்தகம் தகவலுக்கு மட்டுமே, சட்டப்படி செல்லாது என்று அதில் இருந்ததாம். பெங்காலியில் பெரியப்பா என்று மரியாதையாக அழைத்துச் சொன்னாள். "மேஷோமஷாய், இது புரிஞ்சுக்கறதுக்கு. ஆபீஸ் நடக்கறது வேற புத்தகத்துப்படி."

வெளியே வரும்போது, பிடித்த சாமான்களைப் போட்டுவைக்கும் கிடங்கின் கம்பிக் கதவு வழியாக என் கல்லைப் பார்த்தேன். காவலாளியின் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடியாகக் கிடந்தது. ஓரத்தில் என் கரண்டி தேய்த்த பள்ளம்கூடத் தெரிந்தது. அது என்னுடையது என்றேன். அவன் பீடியை இழுத்தபடி கேட்டான். "காகிதம் இருக்கா?"

நிதாயின் பெட்டி

அடுத்த முறை லாரி சந்துப் பக்கமாக வந்ததில் நிதாயின் பெட்டி போயிற்று. மூன்றாம் நாள் அதே இடத்தில் அதே பெட்டியோடு உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். என்னடா என்றேன். பட்டியலில் கையெழுத்துப் போட்டு வாங்கினானாம், காட்டினதும் கொடுத்துவிட்டார்களாம்.

எனக்கு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். பீடா ஒன்றை மடித்து என் கையில் வைத்தான். "உனக்கு நடந்ததைப் பார்த்துத்தானே அண்ணா கத்துக்கிட்டேன்."

எனக்காகப் போட்ட சட்டத்தைச் சார் படித்தார், அந்தப் பெண் விளக்கினாள், நிதாய் பயன்படுத்திக்கொண்டான், என் கல்லை மட்டும் இன்னும் யாரும் தரவில்லை.